கொடியின் உயரம்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, இடது மார்பு இல்லாமல் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தபோது, மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி கீழே இறங்கியிருந்தது. மேல்மாடி எழுப்புவதற்காக நீட்டிவிட்ட கம்பிகளில் தலைக்கு மேல் கட்டியிருந்த கயிறு, இப்போது என் நெஞ்சுக்கு நேராகத் தொங்கியது. புடவையைப் போட்டால் பாதி தரையைக் கூட்டும்.

“உனக்குக் கை எட்டாதேன்னுதான் எறக்குனேன்” என்றார் கணவர். பாவம், பாசத்தில் செய்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. அக்குளைத் தொட்டால் உணர்ச்சி இல்லை. மனசும் அப்படியேதான் இருந்தது. விருந்தாளி மாதிரி என்னை உட்கார வைத்தார்கள், நானும் உட்கார்ந்தேன். இடது கை மடியிலேயே கிடந்தது.

தையல் ஆறியதைக் காட்டப் போன நாளில் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் பயிற்சிப் படத்தை நீட்டாமல், “வீட்டுல கைய மேல தூக்கிச் செய்யற வேலை என்னம்மா இருக்குது?” என்று கேட்டார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, அடி அண்ணாமலை ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கும் இதே அறுவை சிகிச்சைதான். அவர் தயங்கவே இல்லை. “தலை பின்னணும். எங்க வீட்டுக்காரர் பின்னி விடறாரு, பாக்க சகிக்கல.” சிரித்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது.

நான், “துணி காயப்போடணும்” என்றேன்.

“அப்ப அதுதான் உங்க பயிற்சி. கனமா வேணாம், துண்டு போதும். தோள் இறுகிப்போச்சுன்னா அப்புறம் இளக்கறது ரொம்பக் கஷ்டம். கொடிய எப்ப, எவ்ளோ ஏத்தணும்னு நீங்கதான் சொல்லணும், நான் இல்ல.”

அதன்பிறகு நான் சொல்லச் சொல்ல கணவர் கயிற்றை ஏற்றிக் கட்டினார். “ஜாஸ்தி ஏத்திட்டனா?” என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் கேட்பார். தோள் இழுத்த நாட்களில் இறக்கச் சொன்னதும் நான்தான்.

கிரிவலம் போக வரும் பௌர்ணமிக் கூட்டம் ஊருக்குள் வந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கொடி பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. முறுக்கிப் பிழிய இன்னும் தெம்பில்லாததால் துண்டு சொட்டியது. இடது கையைத் தூக்கினேன். தோள் இழுத்தது, துண்டு கயிற்றைத் தாண்டி விழுந்தது. தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையில் சில்லென்று ஓடி, அக்குளில் காணாமல் போனது. இடுப்பில் மறுபடி சில்லென்றது. நடுவிலும் அது என் மேல்தான் ஓடியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் முறையாக அப்போதுதான் அழுதேன்.

அவர் பதறிப்போய் முடிச்சில் கை வைத்தார். “வலிக்குதா? எறக்கிடட்டுமா?”

“தொடாதீங்க” என்றேன். “இன்னொரு துண்டு குடுங்க.”