லீவு லெட்டரில் நான் எழுதிய கதைகள்

எழுத்துத் தொழிலில் உள்ள பெரிய இம்சை, அதை லீவு லெட்டரில் காரணமாகப் போட முடியாது என்பதுதான். வேலைக்கும் போய்க்கொண்டு கதையும் எழுதும் சக பாவிகளுக்கு இது புரியும். எனக்கு வீடு விவேக் நகர், வேலை ஊருக்கு வெளியே பொம்மசந்திரா தொழிற்பேட்டையில். பம்ப் உதிரிபாகங்களை அளந்து, தேறாததை ஒதுக்குவேன். என் நாவல் மூன்று வருடமாகக் கடைசி அத்தியாயத்தில் நின்றது. தங்கவயல் வீட்டைப் பூட்டிவிட்டு ஒருவன் கிளம்ப வேண்டும். கிளம்ப மாட்டேன் என்றான். நான் எங்காவது கிளம்பிப் போனால் அவனும் கிளம்புவான் என்று நம்பினேன்.

நான் சாகடித்த மாமா

ஏற்காட்டில் அறை எடுத்து எழுத மூன்று நாள் வேண்டும். இல்லாத ஒரு மாமாவைக் கொன்றேன். காலமானார் என்று எழுதினால் போதாதா? கை அடங்கவில்லை. கடைசியாக வெல்லக் காபி கேட்டார், கொண்டுவருவதற்குள் கண்ணை மூடிவிட்டார் என்று அரைப் பக்கம் போனது. கம்பெனி பஸ் ஒரு சிக்னலில் நின்ற நேரத்தில் எழுதி முடித்தேன்.

சூப்பர்வைசர் முனிராஜு அத்திபெலேக் கன்னடக்காரர், ஆனால் ஓசூரில் தமிழ் படித்தவர். அதனால் லெட்டரைத் தமிழிலேயே கொடுக்கலாம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு நாள் எப்பிடிப்பா பத்தும்? அஞ்சு நாளா போயிட்டு வா. பாவம், அந்தக் காபியையாவது குடிச்சிட்டுப் போயிருக்கலாம்."

மலையிலிருந்து ஒரு போன்

ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு, எதிரே மேஜை, புது நோட்டு. மேஜையைச் சுவரோரம் நகர்த்தினேன். பிறகு கட்டிலோரம். பத்து மணிக்கு, கம்பெனியில் டீ வந்திருக்குமே என்று தோன்றியது. அத்தோடு தொலைந்தது. தேறுமா என்று நான் நிறுத்திவைத்த உதிரிபாக லாட் என்ன ஆயிற்றோ என்று மனம் அடித்துக்கொண்டது.

தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வரும் அந்தோணிதான் என் பக்கத்து மேஜைக்காரன். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "செத்த வூட்ல இருந்து போன் பண்ணி, எத்தினி பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னு கேக்கற ஒரே ஆளு நீதாம்பா."

தரங்கம்பாடி, தனுஷ்கோடி

பிறகு ஒரு பெரியப்பாவையும் இரண்டு சித்திகளையும் மேலே அனுப்பிவைத்துக் கடலோரங்களுக்குப் போனேன். கடலுக்கு எதிரே உட்கார்ந்தால் வீட்டு நினைப்பு, வீட்டில் உட்கார்ந்தால் பஸ் ஸ்டாண்டு நினைப்பு. ஒரு வரி நகரவில்லை. நாவலைக் கேட்டிருந்த சென்னைப் பதிப்பாளரோ, மாதக் கடைசிக்குள் அது வராவிட்டால் இந்த வருடம் புத்தகம் இல்லை என்று சொல்லிவிட்டார். பயமாக இருந்தது. பயத்தில் மறுபடியும் பையை எடுத்தேன்.

என் மனைவி ஸ்டெல்லா துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். "மலைக்குப் போனா கம்பெனியக் கூடக் கூட்டிட்டுப் போறீங்க. கம்பெனிக்குப் போனா மலையத் தூக்கிட்டுப் போறீங்க. உங்களுக்கு பாரம் தூக்கறதுதான் பிடிக்குது போல."

உண்மை

சாகடிக்க இனிச் சொந்தம் இல்லை. வெட்கமாகவும் இருந்தது. நாவலின் கடைசி அத்தியாயத்தை முடிக்க ஒரு வாரம் விடுப்பு வேண்டும் என்று ஒரே வரி எழுதினேன். முனிராஜு இரண்டு தடவை படித்தார். "உங்க மாமா லெட்டர் எவ்ளோ நல்லா இருந்திச்சு! இது நம்பற மாதிரியே இல்லியே குரு. வேற எதுனா எழுதிக் கொண்டா."

டீ நேரத்தில்

வெள்ளைத் தாளை அவரே தந்தார். எரிச்சலோடு என் மேஜையில் உட்கார்ந்து, வேறு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. ஆனால் தாளில் என் நாவல் ஆள் வீட்டைப் பூட்டினான். நாலடி நடந்தான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தான். மணி அடித்தபோது தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. லெட்டர் எங்கே என்று வந்த முனிராஜு தாளைப் பிடுங்கி, நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "மூணு வாட்டி வந்து பூட்ட இழுத்துப் பாக்கறானே, அவன் போனானா இல்லியா? ஒரு வாரம் எடுத்துக்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

கேட்டுக்கு எதிரே

லீவின் முதல் நாள், பையோடு கிளம்பியவன் பழக்கத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து எழுதினேன். மறுநாளும் அங்கேதான். என் ஆள் பூட்டை விட்டுவிட்டு ரயிலேறியபோது இன்னொரு டீ சொன்னேன். டீ குடிக்க வந்த அந்தோணி என்னையும் நோட்டையும் பார்த்தான். "ஊரெல்லாம் சுத்திட்டு வந்து, உள்ள இருக்கறத எழுத வெளிய குந்தியிருக்கியா?"

நாவல் சென்னைக்குப் போய்விட்டது, நான் மிச்ச லீவை ரத்து செய்துவிட்டுக் கம்பெனிக்குள்ளே உட்கார்ந்து, ஏற்காடு பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.