லைன் இன்சார்ஜின் கிட்டாருக்கு மைக் வைத்த ஞாயிறு

ஓசூரில் கியர்பாக்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சத்தம் கேட்பதுதான் எனக்கு வேலை. கண்ணாடி அறைக்குள் ஒவ்வொன்றாகச் சுழலவிட்டுக் கேட்பேன். முனகினாலோ உரசினாலோ சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். திரும்பிப் போகிற ஒவ்வொன்றுக்கும் லைன் இன்சார்ஜ் பதில் சொல்லவேண்டும். அதனால் அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "அவளுக்குக் காதும் வாயும் மட்டும்தான் வேலை செய்யுது" என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னவர். எனக்கும் அவரைப் பிடிக்காது.

வீட்டு மாடியில் என் கணவர் ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறார். லீவு நாளில் நானும் அந்த வேலையைப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு அவர் பெங்களூரு போகும்போது, பத்து மணிக்குக் கிட்டார் பதிவு செய்ய ஒருவர் வருவார் என்று மட்டும் சொன்னார். ஆம்ப்ளிஃபையரைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தவர் லைன் இன்சார்ஜ்.

"நீயா?"

"வாங்க சார்."

"உன் வூட்டுக்காரர் எங்க?"

"வர சாயந்தரம் ஆவும். நான்தான் பண்ணுவேன்."

திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். சுமை கனம். போகவில்லை.

ஆம்ப்ளிஃபையர் முன்னால் மண்டியிட்டு, டார்ச் அடித்து, முகப்புத் துணிக்குப் பின்னால் ஸ்பீக்கரின் நடு எங்கே, விளிம்பு எங்கே என்று பார்த்தேன். நேர் நடுவில் மைக் வைத்தால் சத்தம் ஊசியாகக் குத்தும். விளிம்புக்குப் போனால் மந்தமாகிவிடும். மேடைகளில் பாடுகிறவர்கள் பிடிக்கிற சாதாரண மைக் ஒன்றை இரண்டுக்கும் இடையில், துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தேன்.

"நடுவுல வெக்கணும். இதுகூடத் தெரியாதா?"

"நடுவுல வெச்சா குத்தும் சார்."

"சும்னிரம்மா!" சும்மா இரு என்கிறார்; கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். பையிலிருந்து புத்தம்புது கண்டென்சர் மைக் ஒன்றை எடுத்து, ஓர் அடி தள்ளி அவரே நிறுத்தினார். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருந்தன. சேர்த்துக் கேட்டால் தகர டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் சத்தம் இளைத்துப்போனது.

"ரெண்டுக்கும் சத்தம் ஒரே நேரத்துல வந்து சேரல. உங்க மைக்க கொஞ்சம் நகத்தினா சரியாயிரும்."

"எதையும் தொடாத. வேணும்னே பண்ற. அங்க என் பீஸ ரிஜெக்ட் பண்ற, இங்க என் மைக்க."

என் மைக்கைக் கழற்றிவிட்டு அவருடையதை மட்டும் ஓடவிட்டேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்ன பட்டறை உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஓடும். கண்டென்சர் மைக் தூரத்துச் சின்னச் சத்தத்தைக்கூட விடாமல் பிடிக்கும். அவர் மெதுவாக வாசித்த இடங்களிலெல்லாம் அடியில் 'தொம், தொம்' என்று விழுந்தது. என் ஹெட்ஃபோனில் முதல் நிமிடமே கேட்டது. சொல்லவில்லை. அவர் மூன்று முறை முழுப் பாட்டையும் வாசித்தார். வியர்த்து ஊற்றியது. நன்றாகத்தான் வாசித்தார். அப்போதும் சொல்லவில்லை.

போட்டுக் காட்டியபோது அவர் முகம் மாறியது.

"இது என்னா சத்தம்?"

"பிரஸ்."

"உனக்கு முன்னாடியே கேட்டுதா?"

"கேட்டுது."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா சார்?"

அவர் விரல் நுனிகள் சிவந்து தடித்திருந்ததைப் பார்த்தேன். சத்தம் கேட்டும் ஒரு கியர்பாக்ஸைக்கூட நான் விட்டதில்லை. அன்று ஒரு மனிதரைப் பழிவாங்க, கேட்டும் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு அசிங்கமாக இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை.

என் மைக்கைப் பழைய இடத்திலேயே வைத்தேன்; பக்கத்துச் சத்தத்தை மட்டும்தான் அது எடுக்கும், பிரஸ் விழாது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நாலாவது முறை வாசித்தார். பென்டிரைவை வாங்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அந்த வாரமே ஹெச்.ஆரில் கூப்பிட்டார்கள். கம்பெனி வேலையில் இருந்துகொண்டே வெளியில் தொழில் செய்கிறேன் என்று புகாராம். அறை என் கணவர் பெயரில் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தேன். விட்டுவிட்டார்கள். புகார் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. லைன் இன்சார்ஜும் நானும் இன்றும் ஒரே ஷிஃப்ட்தான். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று முறைப்பார். நானும் முறைப்பேன்.

கொஞ்ச நாள் கழித்து, கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் அந்தப் பாட்டைப் போட்டாள். "நம்ம இன்சார்ஜ் வாசிச்சதாம்க்கா. நல்லாருக்குல்ல?" என்றாள். திரையில், பதிவு செய்தவர் என்று என் கணவர் பெயர் இருந்தது.

"கிட்டார் நல்லாருக்கு" என்றேன்.