சாயத் தண்ணீர் குடித்த மாடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எண்பதுகளில் பாப்பாரப்பட்டியில் நானும் என் வீட்டுக்காரரும் லுங்கி நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தபோது அது இன்னும் அதிகம். நூலை அலசிய தண்ணீர் எங்கள் கொல்லை வாய்க்கால் வழியாகப் பக்கத்து நிலத்தைக் கடந்துதான் ஓடைக்குப் போக வேண்டும். வேறு போக்கே கிடையாது. அந்த நிலத்துக்காரம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புருஷன் போன பிறகு தனியாளாக வெள்ளாமை பார்த்தவர். ஒரு நாள் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏங்க பாயம்மா, உங்க தண்ணி ஒரு நாளு செவப்பா வருது, ஒரு நாளு ஊதாவா வருது. என் மாடு கிட்ட போயி மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துடுது. வாயில்லாத சீவனே வேணாங்குது பாருங்க. தண்ணியத் தெளிய வெச்சு வுடுங்க. என் மாடு குடிச்சா நான் ஒண்ணும் பேசல. இல்லாட்டி அமாவாசையோட வாய்க்கால மூடிடுவேன்."

"மாடு குடிக்கறதுக்கா நாங்க சாயம் போடறோம்?" என்று சீறினேன். சீறிவிட்டு உள்ளே வந்த பிறகுதான் உறைத்தது. வாய்க்காலை மூடினால் பட்டறையையும் மூட வேண்டியதுதான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அது புளி உடைக்கிற காலம். வீட்டுக்கு வீடு புளியங்கொட்டை குவிந்து கிடந்தது. கொட்டையை வறுத்து இடித்தால் தோல் தனியாக வந்துவிடும். நல்ல துவர்ப்பு. துவர்ப்பு ஏறிய நூல் சாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது சாயக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நூலில் சாயத்தைப் பிடித்து வைப்பது தண்ணீரில் மட்டும் பிடிக்காதா என்று நினைத்தேன். ஒரு டிரம்மின் அடியில் ஓட்டை போட்டு, மணல் பரப்பி, மேலே தோலை நிரப்பி, ஊதாத் தண்ணீரை ஊற்றினேன். கீழே காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கருப்பாக இறங்கியது. தோலில் இருந்த சாயமும் சேர்ந்துகொண்டது!

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "தண்ணிக்கே சாயம் போட்டுட்டியா? நல்ல கெட்டிச் சாயம், வெளுக்கவே வெளுக்காது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

மூன்றாம் நாள்தான், தண்ணீர் வடிகட்ட மணலும் கரியும் போடுவதைப் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் நிலக்கடலை ஓட்டுக்கா பஞ்சம்? மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து டிரம்மில் அடைத்து, தீ வைத்து, காற்றுப் புகாமல் மூடியைச் சேற்றால் பூசிக் கரிமூட்டம் போட்டோம். அவசரப்பட்டுத் திறந்ததில் முதல் மூட்டம் சாம்பலாகிவிட்டது. அடுத்ததை ஆறவிட்டுத் திறந்தோம். கரியை இடித்து, அலசி, மூன்று டிரம்மில் நிரப்பினோம். ஒன்றில் வடிந்ததை அடுத்ததில் ஊற்ற, மூன்றாவதிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் போல வெளுப்பாக வந்தது. "அல்லாவே!" என்று கத்தியே விட்டேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் அந்த அம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வாளியை வைத்தேன். மாடு மோந்தது. பிறகு மடமடவென்று ஒரே மூச்சில் குடித்து முடித்தது. "அட, கெணத்துத் தண்ணியக்கூட இப்படிக் குடிக்காதே!" என்று அவர் ஆச்சரியப்பட்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மாடு நகரவில்லை. காலி வாளியை நக்கிக்கொண்டே நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர்கள் போனதும் வடிந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. நூலில் சாயம் ஏறக் கல்லுப்பை அள்ளி அள்ளிப் போடுகிறவர்கள் நாங்கள். கரி நிறத்தைத்தான் எடுத்தது, உப்பு அப்படியே இருந்தது.

"அவங்களே ஒத்துக்கினாங்க. நீ ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கற?" என்றார் விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர். மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகையை முடித்துவிட்டு வேலியைத் தாண்டிப் போனேன்.

"அக்கா, உங்க மாடு தண்ணி நல்லாருக்குன்னு குடிக்கல. உப்புக்காகக் குடிச்சுது. நிறம் போச்சு, உப்பு போவல. இது பாஞ்சா உங்க ராகி கருகிடும். மூடறதுன்னா மூடிடுங்க."

அவர் தன் தென்னை மரங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உப்பு தானா?" என்றார். "தென்னைக்கு நாங்களே உப்பு போடறோம். வேலியோரம் ஏழு மரம் நிக்குது. அதுக்குத் திருப்பி வுட்டுக்கலாம். ராகிப் பக்கம் ஒரு சொட்டு வரக்கூடாது, ஆமா."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அப்போதே வந்துவிட்டார். அவர் வெட்ட வெட்ட நான் மண்ணை அள்ளிப் போட்டேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"அழுவாத, கூடையப் புடி" என்றார். "இனிமே நான் மாட்ட ஓட்டிக்கினு வர மாட்டேன். தண்ணி எப்படி இருக்குன்னு உன்னையே கேட்டுக்கறேன்."