முதுகுக்குப் பின்னால் ஒரு மேட்ச்

ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதும் உலகத்தில் ஒரு வேலைதான். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போய் முகூர்த்தத்தைக் கோட்டைவிட்டவர்களே, தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தபடி உள்ளே வரும் கைத்தட்டலை மட்டும் கேட்டவர்களே, கொஞ்சம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

மஞ்சள் கோட்டு

வார நாட்களில் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து கிரிக்கெட்டை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு பந்தையாவது, பௌலர் கையிலிருந்து பேட் வரைக்கும், நடுவில் கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. டிக்கெட்டோ நம் கைக்கு எட்டாத சரக்கு. கோடை சீசனில் கேலரிக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள் என்று கம்பெனியில் ஒருவன் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஓசியில் மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று முதல் நாள் ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஒரு மஞ்சள் கோட்டை மாட்டிவிட்டு, கேலரியின் அடியில் கம்பி வேலி ஓரமாக நிற்கச் சொன்னார்கள். போய் நின்றேன். அப்பா, அந்தப் பச்சை! டிவியில் வருகிற பச்சை வேறு, இது வேறு. அந்த வெயிலிலும் கண்ணுக்குள் ஈரமாக இறங்கியது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் தோளைப் பிடித்து அப்படியே கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தன. சூப்பர்வைசர் மஞ்சுநாத், கன்னடம் கலந்த தமிழில் அதட்டினார்.

“மேட்ச் அந்தப் பக்கம் நடக்கும் குரு, உன் டியூட்டி இந்தப் பக்கம். ஜனங்க மூஞ்சியப் பாரு. ஸ்வல்ப திரும்பினாலும் கோட்டக் கழட்டிக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு!”

டொக்

முதல் பந்து வீசப்படுவதற்கு முன்னால் அவ்வளவு பெரிய கூட்டமும் ஒரே மூச்சாக அடங்கியது. பிறகு எங்கோ தூரத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். என் எதிரே இருந்த தலைகள் எல்லாம் மெதுவாக இடது பக்கம் சாய்ந்தன. காற்று வந்து போன மாதிரி மறுபடி நிமிர்ந்தன. அவ்வளவுதான், எனக்கு ஒரு மயக்கம் பிடித்துக்கொண்டது. அடங்கினால் பந்து வருகிறது என்று அர்த்தம். கண்கள் தரையோடு ஓடினால் நாலு. மோவாய்கள் மொத்தமாக மேலே போனால் சிக்ஸர். தலையில் கை போனால், நம்மாள் அவுட்.

ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். முதுகுப் பக்கம் ஒரு ஆறு ஓடுவது போலவும் நான் கரையில் நிற்பது போலவும் இருந்தது. பக்கத்துப் படிக்கட்டில் என்னைப் போலவே மஞ்சள் கோட்டில் நின்ற நூர் பாய்தான் என்னை உலுக்கினார்.

“கண்ண மூடிக்கினு சிரிக்காத மச்சான், பாக்கறவங்க வெயில்ல உனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துக்குவாங்க.”

கைக்குட்டை

வெயில் என்றால் அப்படியொரு வெயில். கம்பியில் கை வைக்க முடியவில்லை. முன்வரிசையில் ஒரு தம்பதி. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்த ரோஸ்லின் டீச்சரும் அவர் கணவர் ஆல்பர்ட் சாரும். பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆன பிறகு, முதல் முறையாக மைதானத்துக்கு வந்திருக்கிறார்கள். ஆல்பர்ட் சார் தலையில் நனைத்த கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார். பிறகு அதை முகத்துக்கு இறக்கினார். பிறகு குறட்டை வந்தது. டீச்சர் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்.

“மேட்ச் மேட்ச்னு கல்யாணமான நாள்லருந்து என் உயிர வாங்கினவர் இவர். வெயில்ல உக்காந்து தூங்கறதுக்கு வீட்ல ஃபேன் இல்லையா? நீங்களே கேளுங்க தம்பி!”

இரண்டு பச்சை

டீச்சருக்கு இன்னொரு குறை. டிவியில் என்ன நடக்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார், இங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. அவருக்குக் கண்ணில் படுகிறது, புரியவில்லை. எனக்குப் புரியும், கண்ணில் படவில்லை. கேட்கவேண்டுமா? கூட்டு சேர்ந்துவிட்டோம். “உயரமா இருக்கற பையன் முன்னால வந்து ஓங்கி அடிச்சான், ஒருத்தர் விழுந்து புரண்டு கோட்டை விட்டுட்டார்” என்பார் அவர். “கவர் டிரைவ் டீச்சர், நாலு” என்பேன் நான். அவர் மாணவியைப் போலத் தலையாட்டிக்கொள்வார்.

அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். அவருடைய கூலிங் கிளாஸில், ஒரு கண்ணுக்கு ஒன்றாக, இரண்டு குட்டி மைதானங்கள். பச்சையின் நடுவில் பொட்டுப் பொட்டாக ஆட்கள் ஓடுகிறார்கள். பந்து மட்டும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேனோ.

“என் மூஞ்சில அப்படி என்ன தம்பி இருக்கு?”

கடைசிப் பந்து

திரும்பிப் பார்க்கக் கூடாது என்கிற விஷயத்தைச் சொல்லவேண்டியதாகிவிட்டது. அதற்குள் வெயில் இறங்கி, விளக்குகள் எரிந்து, டீச்சரின் கண்ணாடிக்குள் மைதானமே தண்ணீருக்கடியில் இருப்பது போல மினுங்கியது. கடைசிப் பந்து. ஜெயிக்க நாலு ரன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க இன்னும் ஒரு பந்துகூடப் பாக்கலையா?” இல்லை என்று தலையாட்டினேன்.

விறுவிறுவென்று இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, வகுப்பறைக் குரலில் “எல்லாரும் உக்காருங்க!” என்றார். வரிசையே உட்கார்ந்தது. “உங்க டியூட்டிய நான் பாத்துக்கறேன். திரும்புங்க” என்றார். மஞ்சுநாத் தூரத்திலிருந்து பார்த்தார். ஒரே ஒரு பந்து என்பது போல ஒரு விரலைக் காட்டி, எதுவும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பினேன். பௌலர் ஓடி வந்தார். காலடிச் சத்தம்கூடக் கேட்டது. கை மேலே எழுந்தது. கூட்டம் அடங்கியது. அடங்கியதா? என் பாழாய்ப்போன கழுத்து தானாகவே கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது! டொக். எதிரே அத்தனை மோவாய்களும் மேலே போயின. “சிக்ஸர்!” என்று டீச்சரும் நானும் ஒன்றாகக் கத்தினோம். சத்தத்தில் கைக்குட்டையை உதறிவிட்டு எழுந்த ஆல்பர்ட் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அடடா, ரெண்டு பேரும் இங்க என்ன பாக்கறீங்க, பந்து அந்தப் பக்கம் போகுது!”

ஆக, மற்ற மஞ்சள் கோட்டுக்காரர்கள் போக, அவ்வளவு பெரிய மைதானத்தில் அந்தப் பந்தைப் பார்க்காதவர்கள் நாங்கள் இரண்டே பேர்தான் என்றாலும், அது கீழே இறங்குவதற்கு முன்பே சிக்ஸர் என்று கத்தியவர்களும் நாங்கள்தான்.