கால் கரைந்த மண்மாடு

“ஏட்டி, ஆபீஸுக்குப் போறவளுக்கு மண்ணுமாட்டுக் கதை என்னத்துக்கு? வேற சோலி இல்லையா? சரி, கேட்டுத் தொலை” என்று பேத்தியைத் திட்டிவிட்டுத்தான் இதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போது எங்கள் வீடு மேலகரத்தில். நான் பள்ளிக்கூடத்துக்குள் இருந்ததைவிட அதன் வாசலில் மண் பிசைந்ததுதான் அதிகம். அந்தச் சாரல் காலத்தில் ஊரே குற்றாலத்து அருவிக்கு ஓடியது. எங்கள் வீட்டிலோ கன்று போட்ட பசு எழுந்து நிற்காமல் கிடந்தது. அதன் பாலை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

பசு எழுந்திருக்க வேண்டி, குளக்கரைச் சாஸ்தாவுக்கு மண்மாடு வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். ஆனால் விடாத சாரலில் குயவர் சூளை மூட்டவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“நாள் பூரா பொம்ம செஞ்சு பாவாடைய நாசமாக்குதியே, ஒரு மாடு செய்ய மாட்டியாட்டி?”

மண்ணைத் தொட்டதற்கு எனக்கு அடி விழாத முதல் நாள் அது. குளத்து மண்ணைப் பிசைந்தேன். குன்றிமணியில் கண் வைத்தேன். நாலு காலையும் தடியாக உருட்டி நிறுத்தி, அடுப்படியில் காய வைத்தேன்.

அப்பா குனிந்து பார்த்தார். “என்னட்டி இது, கொம்பு மொளச்ச பெருச்சாளியா?”

“உங்களுக்குக் கண்ணு தெரியல” என்றேன்.

ஓலைப்பெட்டியில் மாட்டை வைத்து, மேலே தேக்கிலை மூடிக் கிளம்பினோம். பாதி வழியில் காற்று இலையைத் தூக்கிக்கொண்டு போனது. அம்மா முந்தானையால் மூடினாள், முந்தானையும் நனைந்தது. கோயிலில் பெட்டியைத் திறந்தால், சுடாத மாட்டின் நாலு காலும் கரைந்து சேறாகிக் கிடந்தன. வயிறும் தலையும்தான் மிச்சம்.

நான் ஓவென்று அழுதேன். “கால் போச்சு, இனி நம்ம மாடு எந்திரிக்கவே எந்திரிக்காது!”

அம்மா அதை எடுத்துச் சாமி முன்னால் பதமாக வைத்தாள்.

“அழாதட்டி. நல்லாப் பாரு, மாடு படுத்து அசை போடுது. படுத்த மாடுதானே எந்திரிக்கும்?”

சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடியில் தோள் வலித்தது. சேற்றில் நான் வழுக்காமல் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கும் பயம் இருக்கும் என்று அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?

மறுநாள் விடிந்து பார்த்தால், பசு தள்ளாடி நின்றபடி கன்றை நக்கிக்கொண்டிருந்தது. பசுவைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிகள் வாயைப் பிளந்தார்கள். அம்மா கறந்துகொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்:

“எம்மவ செஞ்ச மாடு இருக்கே, நாலு காலையும் இதுக்குக் குடுத்துட்டு அங்கன சாமிகிட்ட சொகமாப் படுத்துக் கெடக்கு!”