மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு கொலைகாரன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து கெம்போங் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, செதில் அங்கே இங்கே தெறிக்காமல், அவ்வளவு பக்குவமாக. அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பயமாக இருந்தது.

மீனைப் பார்த்து அல்ல. அந்த மனிதரைப் பார்த்து.

அவர் பெயர் அந்தோணிசாமி. என் தங்கை ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். யான் என்ற கடலோர ஊரில் ஒரு நெல் ஆலையில் மெக்கானிக். முதல் மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அன்று காலைதான் அலோர் ஸ்டாரில் எங்கள் கோயிலில் அவர்களுக்கு முதல் ஓலை வாசித்திருந்தார்கள்.

ஓலை என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், ஊர், பெற்றோர் எல்லாம் சொல்லி அறிவிப்பார்கள். கடைசியில் ஒரு வரி வரும் — இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறேன். அந்த வரி என்னைப் பார்த்துச் சொல்லப்படும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

யான். நெல் ஆலை. பெண்டாட்டி செத்தவன். பெண் வீட்டுக்கு மீன் வாங்கி வந்து தானே ஆய்ந்து கொடுப்பவன்... இந்த ஆளை எனக்குத் தெரியுமே! டிவியில் வந்தவன் அல்லவா? பெண்டாட்டியைக் கொன்றவன் அல்லவா?

சொல்கிறேன், கேளுங்கள்.

போன வருடம் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள் ரோசலின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். லயத்து வரிசை வீடுகளிலேயே டிவி உள்ள வீடு அதுதான். கார் பாட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டிவி. சாயங்காலம் ஆனால் பாதி லயம் அக்கா வீட்டு வாசலில் இருக்கும். அன்று மலாயில் ஒரு போலீஸ் நிகழ்ச்சி. நடந்த கொலைகளை நடந்தபடியே நடித்துக் காட்டுவார்களாம். டிவிக்காரர் பேசும் மலாய் அக்காமார்களுக்குப் பிடிபடாது. அதனால் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸராக இருக்கும் பெருமாள் அண்ணன் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். தோட்டத்தில் இது வழக்கம். டிவி ஒரு பக்கம் பேசும், அண்ணன் அதைவிடச் சத்தமாகப் பேசுவார்.

நான் எங்கே இருந்தேன்? அடுக்களையில். அத்தனை பேருக்கும் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் அண்ணனின் குரல்தான். யான்காரன், ஆலையில் வேலை, பரம சாது, மாமியார் வீட்டுக்கு மீனோடுதான் வருவான், தானே ஆய்ந்தும் கொடுப்பான், பிறகு ஒருநாள் பெண்டாட்டியை... அந்த இடத்தில் வடைத் தட்டோடு வெளியே ஓடினேன். ஒரு முகம் தெரிந்தது. மீசை வைத்த முகம். அவ்வளவுதான், பாட்டரி இறங்கி, படம் சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிப் போய்விட்டது. எல்லாரும் ஒரு 'ச்சே' போட்டுவிட்டு வடையை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆளைப் பிடித்தார்களா, இல்லையா? எனக்குத் தெரியாது. பிடித்திருந்தால் எங்கள் குழாயடியில் எப்படி உட்கார்ந்திருப்பார்? பிடிக்காவிட்டால்...

அந்தோணிசாமி மீன் சட்டியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். மீசைக்குக் கீழே லேசாகச் சிரித்தார். நான் சட்டியைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அப்பா அம்மா இல்லாத வீடு எங்களுடையது. ஸ்டெல்லாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. வந்த வரன்கள் எல்லாம் ஏதோ சொல்லித் தட்டிப்போய், கடைசியில் அவளே மனசாரச் சரி என்ற ஒரே மனிதர் இவர்தான். நான் வாயைத் திறந்தால் கல்யாணம் போச்சு. திறக்காமல் இருந்து, நான் பயப்படுவது நிஜமாக இருந்தால்? தங்கையே போய்விடுவாளே!

அந்த வாரம் முழுக்க நான் துப்பறிந்தேன். ஆபீசில் கேட்டேன். போலீஸ் நிகழ்ச்சியா, ஓ, பார்த்தேனே என்றார்கள். ஒருவர் சொன்ன கேஸில் கொன்றவன் டாக்சி டிரைவர். இன்னொருவர் சொன்னதில் கொன்றது பெண்டாட்டி, செத்தது புருஷன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் சுபைதா ஒருவாரம்கூட விடாமல் பார்ப்பவர். அவருக்கு ஒரு பொமோ மந்திரவாதியின் கேஸ் மட்டும்தான் ஞாபகம், அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே பயம் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். என் கேஸை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் கேட்கலாமே என்பீர்கள். என்னவென்று கேட்பது? வடை சுட்டுக்கொண்டே பாதி கேட்ட ஒரு கொலையில் கொலைகாரன் அகப்பட்டுவிட்டானா என்றா?

இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது. பூசை முடிந்ததும் சாமியார் அறை வாசலில் போய் நின்றேன். என்னம்மா என்றார். தொண்டைவரை வந்தது. கல்யாணத்தன்று பீடத்துக்கு என்ன பூ வைப்பது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் அந்தோணிசாமி மறுபடி வந்தார். மறுபடி மீன்! ஸ்டெல்லா உள்ளே போன நேரம் பார்த்துத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேவிட்டேன்.

"மொதல் சம்சாரம்... எப்படி இறந்தாங்க?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"காய்ச்சல்தான்" என்றார். எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்.

காய்ச்சல் என்பதை ஒரு மனிதர் ஏன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது? நான் விட்டேனா! ராத்திரி ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, ஒனக்கு தபால்காரர் மணி அடிச்சாக்கூட யாரோ செத்துட்டாங்கன்னுதான் தோணும்" என்றாள். "இந்த ஒரு தடவை என்னைய வாழ விடு லா."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று முதுகே சொன்னது.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. சுங்கை பட்டாணியில் பஸ் மாறி கோலா கெத்தில் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு ஒரு வேன் பிடித்தேன். வழியெல்லாம் பால்மரம். எனக்கு ஒரு மரமும் கண்ணில் படவில்லை. அக்கா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மருந்தகத்துக்குப் போனேன். பெருமாள் அண்ணன் யாருடைய காலுக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்று, விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"யானா? தங்கச்சி, யான் நான் போட்டதும்மா."

"போட்டதுன்னா?"

"டிவியில சொன்ன ஊரு எங்கயோ கெழக்குக் கரையில ஒரு கம்பம், சின்ன மலாய் கிராமம். அதச் சொன்னா நம்ம பொம்பளைங்க அது எங்க இருக்கு, எந்த பஸ்ஸு போவுதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நான் வெளக்கம் சொல்றதுக்குள்ள கொலை முடிஞ்சிடும். அதான் தெரிஞ்ச ஊரா ஒண்ணு போட்டுடறது."

நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நெல்லு ஆலை?"

"யான்னு சொல்லியாச்சு. அங்க நெல்லுதானே இருக்கு? அவன் நெசத்துல மரம் ஏத்தற லாரி ஓட்டறவன்."

"மீனு?"

"மாமியா வீட்டுக்கு என்னமோ சாமான் வாங்கிட்டுப் போவான்னு சொன்னான். யான்காரன் வேற என்னாத்த வாங்கிட்டுப் போவான்? தானே ஆஞ்சு குடுப்பான்னு சேத்துக்கிட்டேன். அப்பதானே நல்லவன்னு நம்புவாங்க."

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. அந்த மீசைக்காரன்? நான் கண்ணால் பார்த்தேனே!

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அது கேஸப் பத்திப் பேச வந்த போலீஸ் ஆபீசரு. கொன்னவன் தல நரச்ச கெழவன்மா."

பிடித்தார்களா என்று கேட்டேன். அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். அவருக்கும் தெரியாதாம். பாட்டரி அவருக்கும் சேர்த்துத்தான் இறங்கியது. அன்று எல்லாரும் வீட்டுக்குப் போகும்போது பிடித்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பினாராம். இல்லாவிட்டால் பொம்பளைங்க விடியவிடியத் தூங்க மாட்டாங்களே என்றார். வடைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஒருத்திக்கு மட்டும் அந்த முடிவு வந்து சேரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். யானில் இருக்கும் சாதாரண மனிதர் ஒருவர் எப்படி இருப்பார் என்று பெருமாள் அண்ணன் நினைத்தாரோ, அப்படியே இருந்தார் எங்கள் மாப்பிள்ளை. அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மறுநாள் மூன்றாம் ஓலை. இரண்டு வாரமாக யான் என்ற சொல்லும் தடை என்ற சொல்லும் மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தன. அன்றைக்குத்தான் நடுவில் இருந்ததையும் கேட்டேன்.

"...யானைச் சேர்ந்த அந்தோணிசாமி, காலஞ்சென்ற ஆரோக்கியமேரியின் கணவர்..."

ஆரோக்கியமேரி. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. முந்தின இரண்டு ஞாயிறும் அதே பெயரை, அதே கோயிலில், சத்தமாகத்தான் வாசித்திருக்கிறார்கள். எப்படிச் செத்தாள் என்று கேட்டேனே தவிர, அவள் பெயர் என்ன என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு முன் பெஞ்சில் அந்தோணிசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஆரோக்கியமேரி எப்படிப்பட்டவங்க என்று கேட்டேன். இந்தத் தடவை அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அவளுக்கு மீன் ஆயத் தெரியாதுங்க அக்கா" என்றார். "கடக்கரை ஊருக்கு வாக்கப்பட்டு வந்துட்டு, மீனத் தொடவே பயப்படுவா. நான்தான் எப்பவும் ஆஞ்சு குடுப்பேன். அப்படியே பழகிப்போச்சு."

ஸ்டெல்லா என்னைப் பார்க்காமல், அவர் கண்ணைத் துடைத்த கைக்குட்டையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை கல்யாணம். பீடத்துக்கு வெள்ளை சாமந்தி.

நான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. இப்போது வேறொன்று உறுத்துகிறது. கிழக்குக் கரையில் ஏதோ ஒரு கம்பத்தில் நிஜமாகவே ஒரு பெண் செத்திருக்கிறாள். அவளைக் கொன்றவனுக்கு நாங்கள் ஊர் கொடுத்தோம், வேலை கொடுத்தோம், கையில் மீனும் கொடுத்தோம். அவன் யார் என்று நான் கேட்காத ஆள் இல்லை. அவள் யார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. பெருமாள் அண்ணன்கூட, கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே, பெயர் சொன்னாங்க தங்கச்சி, ஞாபகமில்ல என்றுதான் சொன்னார்.

அந்த நிகழ்ச்சியைப் பார்த்த வாசகர்கள் யாராவது இருந்தால், அவனைப் பிடித்தார்களா என்பது இருக்கட்டும்... அவள் பெயர் என்ன?