பூட்டிய கேட்டுக்குள் நான் செய்த ஜெபம்

சபை ஜனங்களே, காட்டுத்தீயிலிருந்து ஆண்டவர் என் வீட்டைக் காத்தார் என்று போன மாதம் உங்கள் முன்னால் எழுந்து நின்று சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அது பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்புதான் எனக்கு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் உள்ளே திரும்பினால் மலையடிவாரத்தில் எங்கள் தெரு. கடைசி வீடு என்னுடையது. பின்னால் எலுமிச்சைத் தோட்டம், அதற்குப் பின்னால் மலை. மலைக்கு ஆடு ஓட்டுகிறவர்கள் முன்பெல்லாம் என் நிலத்து வழியாகத்தான் போவார்கள். ஓடைக்கரையில் ஆடு வளர்க்கிற இசக்கியம்மாளின் ஆடுகள் ஒரு நாள் என் முருங்கைக் கன்றுகளைக் கடித்துவிட்டன. சண்டை வந்தது. பட்டா என் பேரில் இருக்கிறது என்று சொல்லி, சுற்றிலும் முள்வேலி அடைத்து, வாசலில் ஆளுயர இரும்பு கேட் போட்டுப் பூட்டினேன். ஏழு வருஷம் அந்தச் சாவி என் முந்தானை முடிச்சில்தான் கிடந்தது. அவர்கள் ஓடையைச் சுற்றி நடந்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. காலையும் மாலையும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறவள்தான் நான். அது தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

இந்த வருஷம் மாசியிலேயே மலை காய்ந்துவிட்டது. லெந்து நோன்பு தொடங்கின வாரம் மேலே தீப்பிடித்தது. இரண்டு நாள் சிவப்புக் கோடு மாதிரித் தெரிந்தது. மேலேதானே எரிகிறது என்று இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் காற்று திரும்பிவிட்டது. முற்றமெல்லாம் கரித்தூள் விழுந்தது. அடிவாரத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

பாவூர்சத்திரத்தில் இருக்கிற மகள் போன் போட்டு, உடனே வெளியே வாங்கம்மா என்று அழுதாள். பையில் முதலில் பட்டாவை வைத்தேன். பிறகுதான் என் வீட்டுக்காரர் போட்டோ, பிரஷர் மாத்திரை, இரண்டு சேலை. பையைக் கட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தெருச் சனத்தோடு சனமாகப் பள்ளிக்கூடத் தரையில் போய்ப் படுப்பதா என்று இருந்தது. புகை வராமல் கதவைச் சாத்தி முழங்கால் போட்டேன். ஆண்டவரே, எனக்கு ஆள் இல்லை, உம்முடைய தூதர்களை அனுப்பும் என்று அழுதேன்.

அப்போது கேட் ஆடியது. இசக்கியின் குரல்.

"ஆச்சி, கேட்டத் தொறங்க."

நான் எழுந்திருக்கவில்லை. இதைத்தான் அன்றைக்குச் சபையில் சொல்லாமல் விட்டேன். ஆட்டை ஓட்டிப் போக வழிக்கு வந்திருக்கிறாள், இன்றைக்குத் திறந்தால் நாளைக்கு மூட முடியாது என்று நினைத்தேன். காது கேளாதவள் போல இன்னும் உரக்க ஜெபித்தேன். இரண்டு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் இருக்கும். தூதர்களை அனுப்பும், அனுப்பும் என்கிறேன். கேட் ஆடிக்கொண்டே இருக்கிறது.

"ஆட்டையெல்லாம் அப்பமே ரோட்டுக்கு ஏத்தியாச்சு ஆச்சி. ஒங்க பின்வேலிக்குத் தீ வந்துட்டு. ஒங்க வழி ஒண்ணும் எங்களுக்கு வேண்டாம், ஒங்க உசிரு போதும். தொறப்பியளா மாட்டியளா?"

ஜெபத்தைப் பாதியில் விட்டு எழுந்தேன்.

ஓடிப் போனேன். அவசரத்தில் முந்தானை முடிச்சு அவிழவில்லை. இசக்கியே கம்பி வழியாகக் கையை விட்டு முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்துத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் தெருக்காரர்கள். பயிருக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டியிருந்தார்கள். கையில் தீயை அடித்து அணைக்கப் பச்சைக் குழை. எல்லாரும் நான் ஓடையைச் சுற்ற வைத்தவர்கள். என்னைத் தாண்டித் தோட்டத்துக்குள் ஓடினார்கள். இசக்கி என்னை ரோட்டில் கொண்டு உட்கார வைத்துவிட்டு அவளும் உள்ளே போனாள்.

பின்வேலியும் ஏழு எலுமிச்சையும் போயின. வீட்டில் ஒரு ஓடு உடையவில்லை.

ஆனால் அவர்கள் என் வாசலில் நின்ற நேரத்தில் ஓடைப் பக்கம் தீ இறங்கி, இசக்கியின் ஆட்டுக்கொட்டகை எரிந்துபோனது. நான் உடனே திறந்திருந்தால் என் வேலியை அணைத்துவிட்டு அங்கேயும் போயிருப்பார்கள். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் மாத்திரை போட அவள்தான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அடுத்த ஞாயிறு, ஆண்டவர் தூதர்களை அனுப்பினார் என்று உங்களிடம் சொன்னேன். அவர்கள் யார் என்று சொல்லவில்லை. வாசலில் நிற்க வைத்ததையும் சொல்லவில்லை. நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னபோது தலை குனிந்தேன். பக்தி என்று நினைத்திருப்பீர்கள்.

போன வாரம் மன்னிப்புக் கேட்கத்தான் இசக்கியிடம் போனேன். வாயில் வேறுதான் வந்தது. புதுக் கொட்டகைக்குக் கதவு இல்லையே, என் கேட்டைக் கழற்றி எடுத்துக்கொள் என்றேன்.

"எம்மாம் பெரிய கேட்டு! என் ஆடு என்ன அரமனையிலயா கெடக்கு?" என்று சிரித்தாள். ஆனாலும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கேட் கழன்று வந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. தப்புப் பண்ணிட்டேன்ட்டி என்றேன்.

"தெரியும் ஆச்சி. வழிய விட்டுத் தள்ளி நில்லுங்க, தூக்கணும்" என்றாள்.

இப்போது ஆடுகள் என் முற்றத்து வழியாகத்தான் மலைக்குப் போகின்றன. முருங்கையைக் கடிக்கத்தான் செய்கின்றன. கடிக்கட்டும்.

நான் முழங்காலை மடக்குமுன்னே ஆண்டவர் ஆள் அனுப்பிவிட்டார். இந்தக் கிழவிக்கும் இரங்கின அவருக்கே நன்றி. என்னைப் போலப் பயத்தில் இருக்கிறவர்களே, தைரியமாக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு, வாசலில் நிற்பது யார் என்று எழுந்து போய்ப் பாருங்கள்.